பழைய மோட்டருக்கு வீஎஃப்டியா, புது காந்த மோட்டர் பம்பா: வன்னிக் கிணத்துக்கு எது?

சோலார்ல தண்ணி இறைக்கப் போறம் எண்டு கதைக்க வெளிக்கிட்டா முதல் சண்டை இன்வேட்டரிலதான் வருது, இதிண்ட திறன் 97 வீதம், அதிண்ட திறன் 98 வீதம் எண்டு. அந்த ஒரு வீதத்துக்கு மல்லுக்கட்டுற ஆக்களே கடைசியில 65 வீதம் கூட ஒழுங்காத் தராத ஒரு சிங்கிள் பேஸ் மோட்டரைப் பூட்டி, அதுக்கு ஒரு இஞ்சி பைப்பும் போட்டு விடுகினம். 2022ல மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிண்ட சனம் காசு சேர்த்துப் போடுற சாமான் இது, கரண்ட் எங்க வீணாப் போகுது எண்டு தெரிஞ்சு வாங்கவேணும் எண்டுதான் இதை எழுதுறன்.

போட்டியில உண்மையா நிக்கிறது ரெண்டு. ஒண்டு, ஏற்கெனவே இருக்கிற த்ரீ பேஸ் மோட்டருக்கு சோலார் வீஎஃப்டி பூட்டுறது, அதாவது பனலில வாற டிசியை ஏசியாக்கி, வெயிலுக்கேத்த மாதிரி மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் பெட்டி. மற்றது, நிரந்தரக் காந்த மோட்டரோட கொன்ட்ரோலரும் சேர்ந்து வாற புது பம்ப், கடையில டிசி பம்ப் எண்டு விக்கிறது.

காந்த மோட்டர் ஏன் குறையக் கரண்ட் குடிக்குது எண்டா, சாதாரண மோட்டரில ரோட்டருக்குள்ள காந்தத்தை உண்டாக்கவே கரண்ட் ஓடவேணும், அது சூடாப் போகும். மற்றதில ரோட்டரில காந்தம் நிரந்தரமா இருக்கு, அந்த இழப்பு இல்லை. 1 ஹோர்ஸ் பவர், 2 போல் த்ரீ பேஸ் மோட்டருக்கு ஐஈ1 எண்ட திறன் தரத்தில 72.1 வீதம், அதை விட உயர்ந்த ஐஈ3 எண்டா 80.7. கப்பாசிட்டர் வச்ச சிங்கிள் பேஸ் அதுக்கும் கீழ. நல்ல காந்த மோட்டர் 85ஐத் தொடும்.

இனிக் கணக்கு. 30,000 லீட்டர் தண்ணியை 10 மீற்றர் உயர்த்தத் தேவையான சக்தி 0.8 யூனிட்தான். மோட்டர் 65, பம்ப் 45 வீதம் எண்டு பிடிச்சா 2.8 யூனிட் போகும், மோட்டர் 85, பம்ப் 55 எண்டா 1.75. வித்தியாசம் ஒரு யூனிட். எங்கட வெயிலுக்கு ஒரு 540 வாட் பனல் நாளைக்கு ரெண்டு யூனிட் அளவில தரும், அப்ப ஆழமில்லாத கிணத்துக்கு அந்த வித்தியாசத்தை ஒரு பனல் அடைச்சுப்போடும். 40 மீற்றர் குழாய்க்கிணத்துக்கு எல்லாத்தையும் நாலால பெருக்குங்கோ, அங்க கதை வேற.

ஆனா வீஎஃப்டி பக்கம் ஒரு பெரிய சிக்கல் இருக்கு, அது வோல்ட். 230 வோல்ட் மோட்டரை முழு வேகத்தில ஓட்ட டிசி பக்கம் 320 வோல்ட் கிட்ட வேணும். பனல் லேபிளில 41 வோல்ட் எண்டு கிடக்கும், எட்டுப் பனல் 328, சரிதானே எண்டு தோணும், ஆனா மத்தியானம் பனல் 65 பாகை சூட்டுக்குப் போகேக்க அது 35 வோல்ட்டுக்கு வந்திடும், எட்டும் சேர்ந்து 280தான். அதுக்காக ஒன்பதாவதைக் கண்ணை மூடிக்கொண்டு போடவும் ஏலாது, மோட்டர் நிக்கேக்க ஒரு பனல் 49 வோல்ட் காட்டும், ஒன்பதும் 440 தாண்டும், டிரைவிண்ட உச்ச எல்லையைப் பாக்காட்டி பெட்டி எரியும். பக்கத்துப் பனையிண்ட நிழல் ஒரு பனலில விழுந்தாலே வோல்ட் விழுந்து டிரைவ் நிக்கும். கால் ஏக்கர் மிளகாய்க்கு எட்டுப் பனல் தேவையே இல்லை, ரெண்டு மூண்டு பனலில ஓடுற காந்த மோட்டர் பம்ப் அங்க தெளிவா வெல்லுது. சின்னத் தோட்டத்துக்குப் புதுசா வாங்கிற ஆக்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவன்.

ரெண்டு ஏக்கர் வெண்காயமோ கச்சானோ வச்சு, ரெண்டு ஹோர்ஸ் பவர் த்ரீ பேஸ் மோட்டரும் கையில இருந்தா வீஎஃப்டிதான். கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ வைண்டிங் எரிஞ்சா சுத்திக் குடுக்க ஆள் இருக்கு. காந்த மோட்டரிண்ட கொன்ட்ரோலர் போட் போனா அதே போட்தான் வேணும், அது வாறதுக்குள்ள பயிர் வாடிப்போம். இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய தோட்டத்துக்கு நாலஞ்சு வீத இழப்பை நான் ஏற்றுக்கொள்ளுவன்.

வவுனியாப் பக்கத்துக் கற்பாறைக் கிணறுகளுக்கு ரெண்டுமே மண்ணெண்ணெய் மெஷினை விட நல்லம். அந்தக் கிணறுகளில ஊத்து மெதுவாத்தான் வரும், மெஷின் வேகமா இறைச்சு அடியைக் காட்டிப்போட்டு நிக்கும். சோலார் காலமையில இருந்து பின்னேரம் வரை மெதுவா இழுக்கிறதால தண்ணி மட்டம் அவ்வளவு கீழ போகாது, உயர்த்திற உயரமும் குறையும். ஆனா வேகம் பாதியானா தள்ளுற உயரம் நாலில ஒண்டாயிடும், சக்தி எட்டில ஒண்டு, அதால முகில் மூடேக்க மோட்டர் சுத்தும், தண்ணி வராது. பம்ப் எடுக்கேக்க உயரத்துக்குக் கொஞ்சம் கூட்டி எடுங்கோ.

பட்டறி, வீட்டு இன்வேட்டர், அதில சாதாரண மோட்டர் எண்ட மூண்டாவது வழியை விடுங்கோ. ஈய அமிலப் பட்டறியில ஏத்தி இறக்கவே 15, 20 வீதம் போகும், தொடங்கேக்க அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பட்டறிக்குப் பதிலாத் தொட்டி கட்டித் தண்ணியைச் சேமியுங்கோ.

இப்ப சிலிக்கன் கார்பைட் டிரைவ் எண்டும் வருது, உள்ள கரண்டை வெட்டி வெட்டி விடுற சுவிட்ச் அந்தப் பொருளில செய்தது. வழக்கமான டிரைவில இருக்கிற ஐஜீபீடீ எண்ட சிலிக்கன் சுவிட்சை வளர்த்தெடுத்தவர் சென்னையில பிறந்து ஐஐடி மெட்ராஸில படிச்ச ஜெயந்த் பாலிகா, எங்கட வயல் மோட்டர் வரை அது வந்திருக்கிறது எனக்குப் பெருமை. சிலிக்கன் கார்பைட்டில சுவிட்ச் இழப்பு குறைவுதான், ஆனா அவ்வளவு வேகமா வெட்டிற வோல்ட் நீளமான கேபிளில திரும்பி அடிச்சுப் பழைய வைண்டிங்கிண்ட இன்சுலேசனைத் தின்னும், டிரைவுக்கும் மோட்டருக்கும் இடையில நீளக் கேபிள் ஓடினா ஃபில்டர் இல்லாமப் போடாதீங்கோ.

வீஎஃப்டி எடுத்தா செட்டிங்கில பம்புக்குரிய வி பை எஃப் வளைவை, அதாவது வேகத்துக்கேத்த வோல்ட்டைத் தீர்மானிக்கிறதை, தெரிவு செய்யுங்கோ, டிரைவ் செக்கனுக்கு எத்தினை தரம் வெட்டுது எண்ட கரியர் ஃபிரீக்வன்சியை 4 கிலோஹேட்ஸ் கிட்ட வையுங்கோ, மோட்டர் கொஞ்சம் இரையும், டிரைவ் குளிரும். சிங்கிள் பேஸ் கப்பாசிட்டர் மோட்டரை அப்படியே அதில பூட்டாதீங்கோ. பைப் ஒண்டரை இஞ்சி போடுங்கோ, அதே தண்ணிக்கு ஒரு இஞ்சியில உராய்வு ஏழு மடங்குக்கு மேல.