கருவின் தலைக்குள் கட்டி: அல்ட்ராசவுண்டா, எம்.ஆர்.ஐ.யா?

பிறக்கும் முன்பே குழந்தையின் மூளையில் கட்டி வருவது மிக அரிது. வந்தால் பெரும்பாலும் டெரடோமா வகை, அதாவது பலவிதத் திசுக்கள் கலந்து வளரும் கட்டி. ஐந்தாம் மாத ஸ்கேன் சரியாக இருந்தும், ஏழாம் மாதத்துக்கு மேல்தான் பல சமயம் இது தெரியவரும். அதனால் தாய் தன்னையே நொந்துகொள்ளத் தேவையில்லை.

முதலில் கண்ணில் படுவது அல்ட்ராசவுண்டில்தான். தலை வாரக்கணக்கை மீறிப் பெரிதாக இருக்கும், மூளை அறைகளில் நீர் கோத்திருக்கும், பனிக்குட நீரும் கூடியிருக்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் வைத்தால் கட்டிக்குள் ரத்தம் ஓடுவது தெரியலாம். வெறும் ரத்தக்கசிவு என்றால் உள்ளே ஓட்டம் இருக்காது. கட்டியில் உள்ள சுண்ணாம்புப் படிவையும் அல்ட்ராசவுண்ட் நன்றாகக் காட்டும். செலவு குறைவு, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஆனால் மாதம் ஏற ஏற மண்டையோடு கெட்டியாகி ஒலியலையை மறைக்கும்.

எம்.ஆர்.ஐ.க்கு எலும்பு தடையில்லை. கட்டி எங்கே தொடங்கி எதை அழுத்துகிறது, அது பழைய ரத்தமா சதையா என்பதெல்லாம் இன்னும் தெளிவாகும். கதிர்வீச்சு கிடையாது, படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கடோலினியம் ஊசியும் கர்ப்பிணிக்குப் பொதுவாகப் போடுவதில்லை. நிறைமாத வயிற்றோடு அரைமணி நேரம் அந்தக் குழாய்க்குள் சாய்ந்து படுத்திருப்பது லேசல்ல. குழந்தை புரண்டால் படம் கலங்கும், மறுபடி எடுப்பார்கள்.

என்னைக் கேட்டால், ஸ்கேனில் சந்தேகம் வந்ததுமே எம்.ஆர்.ஐ.யும் எடுத்துவிட வேண்டும். மூளை நீரைச் சுரக்கும் திசுவில் வரும், புற்றுநோயல்லாத கோராய்டு பிளெக்ஸஸ் பாப்பிலோமா என்றால் பிறந்தபின் அறுவை செய்து பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு; பெரிய டெரடோமா என்றால் நிலைமை வேறு. வகையை உறுதிசெய்வது என்னவோ திசுப் பரிசோதனைதான். ஆனாலும் சிசேரியன் எப்போது, நரம்பியல் அறுவை மருத்துவர் இருக்கிற எந்த ஊரில் என்று வீட்டார் முன்கூட்டியே பேசிவைக்க அந்தப் படம் கைகொடுக்கும்.