திருவருகைக் காலம் வீட்டில்: வளையமா, நாட்காட்டியா, ஈசாய் மரமா, தினவாசிப்பா?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் தொடங்கும் வாரங்கள்தான் திருவருகைக் காலம். கோவிலில் அது தானாக நடந்துவிடும். பீடத்தில் ஊதா விரிப்பு வரும், வானவர் கீதம் நின்றுவிடும், ஏசாயாவின் வாசகங்கள் அடுத்தடுத்து வரும். வீட்டில்தான் தடுமாற்றம். நவம்பர் கடைசியில் ஆர்வமாகத் தொடங்குவது டிசம்பர் பத்தாம் தேதிவாக்கில் தொய்ந்து, பதினைந்துக்குள் நின்றுபோகிறது. பக்திக் குறைவை இதற்குக் காரணமாகச் சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. தேர்ந்தெடுத்த முறை அந்த வீட்டின் ஓட்டத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் தேர்ந்தெடுத்தது வளையம்: பசுந்தழை வட்டத்தில் நான்கு மெழுகுவர்த்தி, முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு என்று ஞாயிறுக்கு ஒன்றைக் கூட்டி மாலைதோறும் ஏற்றுவது. இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதற்குக் காரணமும் ஒன்றே ஒன்று: இரண்டு நாள் தவறிவிட்டால் மூன்றாம் நாள் என்ன ஆகிறது என்ற கேள்வி. அழகு, செலவு, குழந்தைகளின் ஆர்வம் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

முதலில் கணக்கு. நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, டிசம்பர் 24 கடைசி நாள். அதாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே எந்தத் தேதியிலும் வரலாம். எனவே காலத்தின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு 22 முதல் 28 நாள் வரை மாறும். இத்தனை நாளும் ஒரு நாள்கூடத் தவறாமல் முழுக் குடும்பமும் ஒன்றாக உட்காரும் வீடு அரிது. ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்குத் தேர்வு, வேலையிலிருந்து தாமதமாக வருவது, பயணம் என்று ஐந்தாறு நாள் போய்விடும். தவறும் நாட்களை ஒரு முறை எப்படித் தாங்குகிறது என்பதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

நாட்காட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அட்டையில் 24 சிறு கதவுகள், நாளுக்கு ஒன்று திறப்பது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய லுத்தரன் வீடுகளில் கதவில் சுண்ணக்கட்டியால் 24 கோடு போட்டு நாளுக்கு ஒன்றாக அழித்தார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூனிக் நகரின் கெர்ஹார்ட் லாங் அதை அச்சிட்டு விற்றார். டிசம்பர் 1-இல் தொடங்குவதால் திருவருகைக் காலத்தோடு அது பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. 2026-இல் முதல் ஞாயிறு நவம்பர் 29, ஆகவே முதல் இரண்டு நாளுக்குக் கதவே கிடையாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எத்தனை நாள் மீதி என்று காட்ட இது போதும். சாக்லேட் வைத்ததாக இருந்தால் தவறிய நாட்கள் பிரச்சினையே இல்லை, பிள்ளை மூன்று கதவைச் சேர்த்துத் திறந்துவிடும். ஆனால் அதில் காத்திருப்பு என்பது எங்கே இருக்கிறது?

வீட்டில் உறைகளை வைத்துச் செய்வதானால், 24 உறைகளையும் முன்கூட்டியே நிரப்பாதீர்கள். "பாட்டியைப் பார்க்கப் போவோம்" என்ற சீட்டு பள்ளி நாளில் வந்து விழும். வாரத்துக்கு ஒருமுறை, அந்த வாரத்தின் வேலைகளைப் பார்த்துவிட்டு ஆறேழு சீட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்தில் முடிகிற செயலாக இருக்கட்டும். நாளுக்கு ஒரு பொருளைப் பெட்டியில் போட்டுத் தேவையுள்ளவர்களுக்குக் கொடுக்கும் தலைகீழ் நாட்காட்டி நல்ல வழி. அதை மட்டும் நவம்பர் நடுவிலேயே தொடங்குங்கள். டிசம்பர் 24 அன்று பெட்டி நிறைந்தால், பண்டிகைக்கு முன் அது யார் கைக்கும் போய்ச் சேராது.

ஈசாய் மரம்தான் எல்லாவற்றிலும் வளமானது. இதை மனதாரச் சொல்கிறோம். ஏசாயா 11:1-இல் வரும், தாவீதின் தந்தை ஈசாயின் அடிமரத்துத் துளிரிலிருந்து பெயர் வந்தது. மணல் நிரப்பிய தொட்டியில் ஒரு காய்ந்த கிளையை நட்டு, நாளுக்கு ஒரு அடையாளத்தைத் தொங்கவிட்டு, அதற்குரிய கதையை வாசிப்பது முறை: நோவாவுக்கு வானவில், ஆபிரகாமுக்கு விண்மீன்கள், யாக்கோபுக்கு ஏணி, ராகாபுக்குச் சிவப்புக் கயிறு, ரூத்துக்குக் கதிர்க்கட்டு, தாவீதுக்கு யாழ், யோனாவுக்கு மீன், மரியாளுக்கு லீலி. படைப்பிலிருந்து பெத்லகேம் வரை ஒரே கிளையில் கண்ணுக்குத் தெரியும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மறை வரலாற்றை இவ்வளவு கோவையாகக் கற்றுத்தரும் வேறு முறை எங்களுக்குத் தெரியாது.

அது முறிவது இரண்டு இடங்களில். ஒன்று, வாசகத்தின் நீளம். யோசேப்பின் கதை ஆதியாகமம் 37 முதல் 50 வரை நீள்கிறது, ரூத்து நான்கு அதிகாரம். முன்கூட்டியே வெட்டி வைக்காவிட்டால் அன்று மாலை புரட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஒரு நாளுக்குப் பத்திலிருந்து பதினைந்து வசனம் என்று பென்சிலால் குறித்து வைப்பது அவசியம். இரண்டாவது, கடன் சேர்வது. மூன்று நாள் தவறினால் நான்காம் நாள் நான்கு கதை, நான்கு அடையாளம். அரைமணி நேரத்துக்கு மேல் எந்தப் பிள்ளையும் உட்காராது. கதைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை என்பதால் நடுவில் விட்டுத் தாண்டவும் மனம் வராது. பெரும்பாலான ஈசாய் மரங்கள் தாவீதை எட்டுவதற்குள் நின்றுபோவது இதனால்தான்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. 25 அடையாளம் செய்யாமல் வாரத்துக்கு மூன்று, மொத்தம் பன்னிரண்டு என்று குறைத்துக்கொள்ளலாம். அட்டையை இரண்டரை அங்குல வட்டமாக வெட்டி, இருபுறமும் ஒரே படத்தை வரைந்தால் தொங்கும்போது திரும்பினாலும் தெரியும்.

இனி வளையம். 1839-இல் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர், தாம் நடத்திய ஏழைப் பிள்ளைகளின் இல்லத்தில் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை நான்கு, வாரநாட்களுக்குச் சிறிய சிவப்பு. வழக்கம் வீடுகளுக்குப் பரவியபோது சிறியவை உதிர்ந்து, நான்கு மட்டுமே தங்கின. நாள்கணக்கு வீட்டில் நிற்கவில்லை, வாரக்கணக்கு நின்றது. எங்கள் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. இரண்டாம் வாரத்தில் புதன்கிழமை தவறினால் வியாழக்கிழமை அதே இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றுகிறீர்கள். கடன் சேரவில்லை, எதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை. தவறக் கூடாதவை நான்கு மாலைகள் மட்டும். அவையும் ஞாயிறுகள்.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை சில. பீடத்தில் நிற்பது போன்ற தடித்த மெழுகுவர்த்தி வேண்டாம். தடித்தவை ஒவ்வொரு முறையும் விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் எரிந்தால்தான் மேற்பரப்பு முழுதும் உருகும். தினமும் கால்மணி நேரம் மட்டும் ஏற்றினால் நடுவில் குழி விழுந்து, திரி மெழுகில் மூழ்கி, இரண்டாம் வாரத்தில் அணையத் தொடங்கும். முக்கால் அங்குலத் தடிமனுள்ள, பத்து அங்குல நீள மெழுகுவர்த்திதான் சரி. அது ஏறத்தாழ மணிக்கு ஓர் அங்குலம் கரையும். 2026-இல் மொத்தம் 26 மாலைகள். மாலைக்கு 15 நிமிடம் வைத்தால் முதலாவது ஆறரை மணி நேரமும், இரண்டாவது நாலே முக்கால், மூன்றாவது மூன்று, நான்காவது ஒன்றேகால் மணி நேரமும் எரியும். கடைசியில் நான்கும் படிக்கட்டுபோல் ஏறி நிற்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். சமமாகத் தெரிய வேண்டும் என்று இடம் மாற்றி ஏற்றாதீர்கள்.

நிறம் மூன்று ஊதா, ஒரு ரோஸ். ரோஸ் நிறம் மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சியின் ஞாயிறு. அதை இரண்டாவதாகவோ கடைசியாகவோ ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு, ஆகவே எதிர் எதிராக நிறுத்தாமல் ஏற்றும் வரிசையிலேயே சுற்றி நிறுத்துங்கள். சில திருச்சபைகளில் நான்கும் நீலமாகவோ சிவப்பாகவோ இருக்கும். நிறம் கிடைக்காவிட்டால் நான்கு வெள்ளையின் அடியில் நாடா கட்டினாலும் போதும். நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்ற பெயர்வரிசை சபைக்குச் சபை கொஞ்சம் மாறும், உங்கள் கோவிலில் சொல்லும் வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் ஆபத்தானது இலைதான். பறித்த பசுந்தழை வெப்பமான அறையில் பத்து நாளில் சருகாகிவிடும், சருகின் மேல் தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் ஞாயிறு முடிந்ததும் பழைய தழையை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். தழை எப்போதும் சுடரிலிருந்து குறைந்தது மூன்று அங்குலம் கீழே இருக்கட்டும். மெழுகுவர்த்தி குட்டையாகக் குட்டையாக இந்த இடைவெளி சுருங்கும், முதல் மெழுகுவர்த்தியைச் சுற்றி மட்டும் மூன்றாம் வாரத்தில் தழையைத் தாழ்த்த வேண்டி வரும். பிளாஸ்டிக் தழை காயாது, ஆனால் உருகும். அடியில் உலோகத் தட்டு, தட்டில் ஒரு விரல் உயரம் மணல். குழியில் ஆடும் மெழுகுவர்த்தியின் அடியில் அலுமினியத் தாளைச் சுற்றி இறுக்கலாம். ஏற்றும் முன் திரியைக் கால் அங்குலமாக நறுக்கினால் புகை குறையும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், காற்றில் ஒரு பக்கம் மட்டும் உருகி வழிந்து, கணக்கிட்ட மணி நேரம் வராது.

மாலை ஒழுங்கு எளிது: விளக்கை அணைத்து மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு வாசகம், ஒரு நிமிட அமைதி, ஒரு பாடலின் ஒரே சரணம், கர்த்தரின் ஜெபம். பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். நீட்டினால் அடுத்த நாள் கூடமாட்டார்கள். ஒரே வாசகத்தை வாரம் முழுதும் வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் ஏசாயா 2:1-5, இரண்டாம் வாரம் 40:1-11, மூன்றாம் வாரம் 35:1-10, நான்காம் வாரம் லூக்கா 1:26-38. ஏழு நாள் கேட்டால் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் மனப்பாடமாகிவிடும். வாசகம் மாறாததால் தவறிய நாள் இங்கேயும் ஓட்டை விடாது.

தனியாக இருப்பவருக்கு வளையத்தைவிட லூக்கா நற்செய்தி பொருத்தமாக இருக்கலாம். 24 அதிகாரம், டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒன்று. ஆனால் அப்படியே வாசித்தால் டிசம்பர் 2-இலேயே பிறப்பு முடிந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை உயிர்த்தெழுதலில் இருப்பீர்கள். அதனால் டிசம்பர் 1-இல் மூன்றாம் அதிகாரத்தில், திருமுழுக்கு யோவானின் குரலில் தொடங்குங்கள். 22-ஆம் தேதி 24-ஆம் அதிகாரம் முடியும். 23-இல் முதல் அதிகாரம், 24-இல் இரண்டாவது. முதல் அதிகாரத்துக்கு 80 வசனம், அன்று கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். தவறிய அதிகாரங்களைத் துரத்தாமல் அன்றன்றைய தேதிக்குரியதையே வாசியுங்கள். தனியாக இருப்பவருக்கு, நாளுக்கு ஒன்றாக 24 கோடு போட்ட ஒற்றை மெழுகுவர்த்தியும் விற்கிறார்கள். அது அன்றைய கோட்டை எட்டும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும், மறந்தால் ஒரே இரவில் மூன்று நாள் கரைந்துவிடும்.

நோன்பைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறோம். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் மரபில் நவம்பர் 15 முதல் 40 நாள் நோன்பு உண்டு. அந்த முழு ஒழுங்கை வீட்டில் கடைப்பிடித்த அனுபவம் எங்களுக்கு இல்லை, எனவே வளையத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டு அதன் செலவை எடுத்து வைப்பது மட்டும் எந்த முறையோடும் சேர்ந்து போகும்.

டிசம்பர் பாதியில்தான் நினைவு வந்தது என்றால் வளையமும் வேண்டாம், மரமும் வேண்டாம். 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் மரியாளின் பாடலோடு வரும் ஏழு பழைய அழைப்புகள் இருக்கின்றன: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. நாளுக்கு ஒன்றைச் சொல்லி அந்தப் பாடலை, லூக்கா 1:46-55-ஐ, வாசித்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மெழுகுவர்த்தி வாங்கும் முன் தேதியைப் பாருங்கள். 2027-இல் முதல் ஞாயிறு நவம்பர் 28, மொத்தம் 27 மாலைகள். 2028-இல் டிசம்பர் 3, வெறும் 22. அந்த ஆண்டு நான்காம் ஞாயிறே டிசம்பர் 24 என்பதால் நான்காவது மெழுகுவர்த்திக்கு ஒரே மாலைதான். கிறிஸ்துமஸுக்கென்று நடுவில் ஐந்தாவதாக வெள்ளை மெழுகுவர்த்தி வைப்பவர்கள் அதை அன்றே சேர்த்து ஏற்றிவிடாமல், நள்ளிரவு ஆராதனை முடிந்து வந்த பிறகோ மறுநாள் காலையோ ஏற்றுங்கள்.