துண்டா, கொத்துக்கறியா? உய்குர் கவாப்பும் அதானா கெபாப்பும்

செம்மறிக் கறியைக் கம்பியில் கோத்துத் தணலில் சுடுவதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, சீனாவின் ஷின்ஜியாங்கில் உய்குர் மக்கள் சுடும் கவாப். மற்றது, துருக்கியின் தெற்கே அதானா நகரத்துக் கெபாப். இரண்டையும் வீட்டுக் கரியடுப்பில் செய்துபார்த்து, கடைசியில் உய்குர் பக்கம் நின்றுவிட்டேன். ருசியில் இரண்டுக்கும் குறையில்லை. கொழுப்புதான் காரணம்.

இரு மக்களும் பேசுவது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள். இருவருக்கும் வால் பெருத்த செம்மறிதான் ஆடு. புல் காயும் காலத்துக்கு அந்த ஆடு வாலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். மேய்ச்சல்காரர்களுக்கு அதுவே சமையல் நெய்யும்கூட.

அதானாவில் கறியையும் வால் கொழுப்பையும் வளைந்த பெரிய கத்தியால் சேர்த்தே கொத்தி, மிளகாயும் உப்பும் போட்டுப் பிசைந்து, அகலமான இரும்புக் கம்பியில் அப்புகிறார்கள். கொழுப்பைக் குறைத்தால் கறி வறண்டு உதிர்ந்துவிடும். உய்குர் கவாப்பில் கறி துண்டு துண்டாக இருக்கும். நடுவே வெள்ளையாய் ஒரு கொழுப்புத் துண்டு. அது உருகி, பக்கத்துக் கறியை நனைத்துக்கொண்டே இருக்கும். தட்டுக்கு வந்ததும் என் மகன் அதைத்தான் முதலில் உருவுவான்; கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடும் அப்பா ஒதுக்கிவிடுவார். ஒரே கம்பி இருவருக்கும் ஆகிறது.

கணக்கும் அப்படித்தான். 100 கிராம் சுட்ட கொத்துக்கறியில் சுமார் 280 கலோரி, 20 கிராம் கொழுப்பு. கொழுப்பு நீக்கிய தொடைக்கறியில் சுமார் 190 கலோரி, 8 கிராம் கொழுப்பு. புரதம் முன்னதில் 25 கிராம், பின்னதில் 28. பி12, துத்தநாகம் இரண்டிலும் தாராளம். ஆனால் கவாப்பை நான் ரொட்டிமேல் உருவி வைத்தால் வடிந்த கொழுப்பை ரொட்டி குடித்துவிடும். அதையும் கணக்கில் சேருங்கள்.

எதைச் சுட்டாலும் கொழுப்பு தணலில் சொட்டினால் வரும் புகை நல்லதல்ல. தீ எழும்பினால் கம்பியைத் தூக்கிவிடுங்கள், கருகிய ஓரத்தை வெட்டிப் போடுங்கள்.

அதானாவுக்கும் நியாயம் உண்டு. சுமாக் என்ற புளிப்பான சிவப்புப் பழத்தூள் தூவிய வெங்காயமும் சுட்ட தக்காளியும் அதற்கு அருமையான துணை. பல் போன பெரியவர்களுக்கு அதுதான் தோது. நான் சாப்பிட்டதெல்லாம் வெளியூர்க் கடைகளில். அதானாவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் வேறு தீர்ப்பு சொல்லலாம்.

உய்குர் முறையில் தொடங்குபவர்கள் தொடைக்கறியை வெங்காயச் சாற்றில் ஊறவையுங்கள். சீரகத்தூளையும் மிளகாய்த்தூளையும் கறி முக்கால் பதம் வெந்த பிறகு தூவுங்கள்; முதலிலேயே போட்டால் சீரகம் கருகிக் கசக்கும்.