மாங்குளத்துக் கடையில் ஒரு 'குறியிடம்'

தம்பியின் மகளுக்குக் கலியாணம் பேசப் போனபோதுதான் இந்தச் சாப்பாட்டுக்கடையைக் கண்டோம். நாங்கள் ஒட்டுசுட்டான், மாப்பிள்ளை வீட்டார் வவுனியா. ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற மாங்குளம்தான் இரண்டு பகுதிக்கும் வசதி.

கடையின் பின்பக்கம் பலகை அடித்துத் தடுத்த சின்ன அறை. கதவில் சோக்கால் 'குறியிடம்' என்று எழுதியிருந்தது. ஏ.எல். படிக்கிற முதலாளியின் மகள் எழுதினதாம். முப்பது வருசம் தமிழ் படிப்பித்த நான் அந்தச் சொல்லைப் பார்த்துக் கதவடியிலேயே நின்றுவிட்டேன்.

குறி என்றால் அடையாளம். காதலர் முன்கூட்டிச் சொல்லிவைத்த அடையாளம், அவர்கள் சந்திக்கிற இடத்துக்கும் பெயராகிவிட்டது. தொல்காப்பியத்தில் மறைவான காதலைப் பற்றிச் சொல்கிற களவியல் இதில் இரண்டு வகை சொல்கிறது. பகற்குறி வீட்டுக்கு வெளியே. இரவுக்குறி வீட்டு எல்லைக்குள், வீட்டாரின் பேச்சுக் கேட்கிற தூரத்தில். வந்துவிட்டேன் என்று காட்டக் காதலன் ஒரு சத்தம் எழுப்புவான். காய் ஒன்று தானாகத் தண்ணீரில் விழ, அவன்தான் என்று அவள் வெளியே வந்து ஏமாந்தால் அது அல்லகுறி. எங்கள் பக்கத்தில் 'குறி' என்றதும் துவக்கால் குறிபார்ப்பதுதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை ஒரு பிள்ளை இப்படி மீட்டு எடுத்திருக்கிறாள்!

மாப்பிள்ளை வீட்டார் வர முக்கால் மணித்தியாலம் பிந்தியது. தகரக் கூரையில் மாம்பிஞ்சு 'டொக்' என்று விழ, ஒவ்வொரு முறையும் பெறாமகள் வாசலைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரையும் அறையில் விட்டுவிட்டு நாங்கள் முன்னுக்கு வந்து இருந்தோம். குசினியில் இஞ்சி இடிக்கிற சத்தமும் எங்கள் கதையும் பலகைக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்டிருக்கும். அதுவே பிள்ளைக்குத் தைரியமாக இருந்ததாம். ஒருவரும் போய் அவசரப்படுத்தவில்லை. அறைக்குத் தனிக்காசும் வாங்கவில்லை.

சாப்பாடு பரவாயில்லை. குளத்துமீன் குழம்பு நல்ல உறைப்பு, சோறுதான் குழைந்துவிட்டது. இஞ்சிப் பிளேன்ரீயை நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தேன். கதவுக் கொக்கி கழன்று கிடக்கிறது, அதைக் கட்டாயம் திருத்தவேண்டும்.

கை பட்டுப் பட்டு 'றி' பாதி அழிந்திருந்தது. "நல்ல பெயின்ற் வாங்கி மகளைக் கொண்டே எழுதுவியுங்கோ தம்பி" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை திரும்பவும் போகிறோம், இந்த முறை நாள் குறிக்க.