கொழிஞ்சாம்பாறையிலிருந்து பிரிட்டோரியாவுக்கு: எந்த வழி, எந்தப் பிளக், எந்தக் கதை?

"ஒரு மீட்டிங்குக்கு இத்தனை தூரம் போகோணுங்களா தம்பி?" என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார். போனது உலக அறிவியல் பத்திரிகையாளர் மாநாட்டுக்கு. 2025 டிசம்பர் 1 முதல் 5 வரை தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் நடந்தது. 1992-இல் டோக்கியோவில் தொடங்கிய வரிசை இது. ஆப்பிரிக்காவில் நடந்தது இதுவே முதல் முறை. 2011-இல் கெய்ரோவில் நடக்க வேண்டியது, அங்கே கிளர்ச்சி வெடித்ததால் தோஹாவுக்கு மாறிவிட்டது. தமிழிலும் மலையாளத்திலும் எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களுக்குக் கையில் இருப்பது கொஞ்சம் காசும் ஒரு பெட்டியும்தான். அதனால் ஒவ்வொன்றிலும் இதுவா அதுவா என்று கணக்குப் போட வேண்டியிருந்தது.

முதலில் வழி. என் ஊர் கொழிஞ்சாம்பாறை, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம். எங்கள் சித்தூர் தாலுகாக்காரனுக்குக் கோவை விமான நிலையம்தான் பக்கம். வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு, அங்கிருந்து ஊருக்குள் நெரிசலைக் கடந்தால் போதும். ஆனால் அங்கிருந்து, பிரிட்டோரியாவுக்குப் போக இறங்க வேண்டிய ஜோகன்னஸ்பர்க்குக்குச் சரியான தொடர் விமானம் எனக்குச் சிக்கவில்லை. நெடும்பாசேரி, அதாவது கொச்சி விமான நிலையம், தூரம், இருந்தாலும் அங்கே வளைகுடா விமானங்களுக்குப் பஞ்சமில்லை, துபாயிலோ தோஹாவிலோ ஒரே முறை மாறினால் போதும். 2021-இல் பாலக்காடு–திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து அந்தச் சாலைப் பயணமும் முன்போல் உயிரை வாங்குவதில்லை. மூன்றாவது வழி, மும்பை போய் அங்கிருந்து எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா வழியாக. நான் பார்த்த அன்று மூன்றிலும் மலிவு இதுதான்.

மலிவுக்குப் பின்னால் ஒரு கொசு இருந்தது. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. (மஞ்சள் காமாலை இல்லை, மருந்துக்கடையில் இதைப் புரியவைக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது.) போகும்போது பெரிய தொல்லை இல்லை. அப்படிப்பட்ட நாட்டு விமான நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால்தான் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். திரும்பி வரும்போதுதான் வினை. சான்றிதழ் இல்லாமல் இறங்குகிறவரை இந்தியா ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். நிலையத்தை விட்டு வெளியே போகாமல் விமானம் மாறியவருக்கு விலக்கு உண்டு என்றாலும், அது சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்வதைப் பொறுத்தது. இத்தனை கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. அந்த நோய் இந்தியாவில் கிடையாது, ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு, அதாவது நம் டெங்குக் கொசு, வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஒரு நோயாளி வந்து இறங்கினால் போதும்.

ஊசி போட்டுக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை. பத்து நாள் கழித்துச் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லுபடி. ஆனால் அதற்கென்று அரசு குறித்த மையத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அப்படி ஒன்று. கொழிஞ்சாம்பாறையிலிருந்து சென்னை போய் வரும் செலவையும் ஒரு நாள் வேலையையும் கூட்டிப் பார்த்தேன். மிச்சம் கரைந்தது. நெடும்பாசேரியே என்று முடிவு செய்தேன். ஆப்பிரிக்காவுக்கு அடிக்கடி போகப் போகிறவர் என்றால் என் கணக்கு அவருக்குப் பொருந்தாது. ஒரு முறை ஊசி போட்டுக்கொண்டு அடிஸ் அபாபா வழியையே பிடிக்கலாம்.

பிளக் விஷயம் சின்னதுதான், ஆனால் வேடிக்கையானது. உலகம் முழுக்கச் செல்லும் என்று விற்கிற அடாப்டர் ஒன்றை வாங்கினேன். தென்னாப்பிரிக்காவின் பெரிய மூன்று துளைச் சாக்கெட்டுக்கு அதில் முள்ளே இல்லை! அந்தச் சாக்கெட் வேறு எதுவும் இல்லை, நம் வீட்டில் கீசர் செருகுகிற பதினாறு ஆம்பியர் சாக்கெட்டின் உறவுக்காரன். எலக்ட்ரிக்கல் கடையில் பெரிய முள் வைத்துச் சின்னத் துளை உள்ள கன்வெர்ஷன் பிளக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மின்னழுத்தமும் அங்கே 230 வோல்ட்தான். லேப்டாப்பா, போனும் நோட்டும் போதுமா என்ற கேள்விக்கு நான் நேரம் செலவிடவில்லை. லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன், வருந்தவும் இல்லை.

அப்புறம் கதை. இதில்தான் இரண்டு வாரம் தூக்கம் கெட்டது. இந்த மாதிரி மாநாட்டில் அரங்கத்துக்கு உள்ளே கேட்பதைவிட, காபி வரிசையில் பிற நாட்டு ஆசிரியர்களிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லும் கதைதான் வேலைக்கு உதவும். என்னிடம் இரண்டு இருந்தன, இரண்டும் தண்ணீர்.

ஒன்று பிளாச்சிமடை. எங்கள் பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்து. 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தது, ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறதென்று 2002-இல் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் வாசலில் உட்கார்ந்தார்கள், 2004-இல் ஆலை நின்றது. அறிவியல் பத்திரிகைக்காரனுக்கு இதில் ஒரு தனி ருசி உண்டு. ஆலைக் கழிவை விவசாயிகளுக்கு உரமாகக் கொடுத்தார்கள். 2003-இல் பிபிசி வானொலிக்காரர்கள் அந்தக் கழிவை எடுத்துப் போய் இங்கிலாந்தில் சோதித்து, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதைச் சொன்னார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளிநாட்டு ஆசிரியர் தலையாட்டுவார். பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். தலையாட்டிவிட்டு, "சரி, புதிதாக என்ன?" என்பார்.

இன்னொன்று மணக்கடவு. பெயர் சொன்னால் பொள்ளாச்சி தாண்டி யாருக்கும் தெரியாது. தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் கையெழுத்திட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஆற்றுநீர் ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் அங்குள்ள தடுப்பணை வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும். கணக்கு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். சித்தூர் நெல் வயல்கள் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. கோடை வந்தால் எங்கள் டீக்கடையில் இரண்டு மொழிப் பத்திரிகையும் ஒரே மேஜையில் கிடக்கும். பாலக்காட்டுப் பதிப்பில் தமிழ்நாடு தரவில்லை என்றிருக்கும், கோவைப் பதிப்பில் கேரளம் கூடுதலாகக் கேட்கிறது என்றிருக்கும். ஒரே ஆறு, ஒரே நாள். இந்தக் கதையின் குறை, விளக்கம் நீளும். டி.எம்.சி. என்றாலே வெளிநாட்டில் யாருக்கும் புரியாது. நூறு கோடி கன அடி, கிட்டத்தட்ட 2,832 கோடி லிட்டர் என்று மாற்றி எழுதி மனப்பாடம் செய்தேன்.

பிளாச்சிமடையைத்தான் எடுத்துப் போவதாக இருந்தேன். என் மனத்தை மாற்றியது பிரிட்டோரியாவின் குழாய்த் தண்ணீர். அந்த ஊர் எதைக் குடிக்கிறது என்று போகும் முன்பு தேடிப் பார்த்தேன். பிரிட்டோரியாவும் ஜோகன்னஸ்பர்க்கும் இருக்கிற கௌட்டெங் மாகாணத்துத் தண்ணீரில் ஒரு பங்கு, லெசோத்தோ என்கிற இன்னொரு நாட்டு மலைகளிலிருந்து சுரங்கம் வழியே வருகிறது. 1986-இல் போட்ட ஒப்பந்தம். கட்சே அணை அதற்காகவே கட்டியது, 185 மீட்டர் உயரம். தண்ணீருக்கு லெசோத்தோ காசு வாங்குகிறது. மேட்டு நிலத்துக்காரன் கொடுக்கிறான், கீழே இருப்பவன் குடிக்கிறான், நடுவில் ஒரு காகிதம். மணக்கடவை அங்கே யாருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

கிளம்பும் முன் தடுப்பணைக்குப் போய் அளவுகோலைப் படம் எடுத்துக்கொண்டேன். அண்ணனும் கூட வந்தார். "இதைப் போய் வெள்ளைக்காரன்கிட்ட காட்டப் போறீங்களா?" என்று சிரித்தார்.

இரண்டாம் நாள் காபி இடைவேளையில் படத்தைப் பார்த்தது லெசோத்தோக்காரப் பெண் ஒருவர், வானொலிச் செய்தியாளர். கதை முழுவதையும் கேட்கவில்லை. போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த அளவை எழுதிக்கொள்வது யார், கொடுக்கிறவரா, வாங்குகிறவரா?"