பிரீயா, ஃபெட்டாவா, பன்னீரா? அவனில் சுடும் சீஸுக்கு எது தோது

ஓடிஜி என்ற சின்ன மின்சார அவன் (oven) இருக்கும் வீட்டில் மாலை விருந்துக்கு இதைவிட லேசான வேலை கிடையாது. ஒரு துண்டு சீஸை முழுசாக அவனில் சுட்டு, மேலே காரமாக எதையாவது தூவி, ரொட்டியோடு நடுவில் வைத்தால் போதும். எந்தச் சீஸ் என்பதில்தான் குழப்பமே.

பார்க்க அழகு என்றால் பிரீதான், அல்லது அதன் தம்பியான கேமம்பேர். இரண்டும் பிரெஞ்சுச் சரக்கு. மேலே இருக்கும் வெள்ளைப் பூஞ்சைத் தோலை வெட்டி எறிந்துவிடாதீர்கள், உருகுவதைத் தாங்கும் கிண்ணமே அதுதான். 250 கிராம் வட்டு ஒன்றை மேல்தோலில் மட்டும் கத்தியால் கீறி, 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வைக்கலாம். கரண்டியால் நடுவில் அழுத்தினால் தளதளவென்று ஆட வேண்டும். அதைத் தாண்டினால் பக்கவாட்டில் வெடித்து ஒழுகிவிடும்.

இதற்கு மேலே போட, சென்னை பாரிமுனைப் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளில் தூவுவார்களே, அந்தப் பொன்னிற வறுத்த வெங்காயத்துக்கு இணை இல்லை. கூடவே வறுத்த பூண்டும் இடித்த காய்ந்த மிளகாயும். இவற்றை அவனுக்குள் அனுப்பாமல், சீஸ் வெளியே வந்த பிறகு தூவுங்கள்; உள்ளே போனால் வெங்காயம் கருகிக் கசக்கும். தொட்டுக்கொள்ள அங்கேயே கிடைக்கும் தட்டை போன்ற மொறுமொறு பேஜோவை வாங்கிவிடலாம். பேக்கரி பன் வேண்டாம், அதன் தித்திப்பு ஒட்டாது.

ஃபெட்டா கதையே வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் இந்தப் பெயர் கிரேக்கத்துக்கே உரியது. அங்கே செம்மறியாட்டுப் பாலில் செய்வார்கள், வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை சேரலாம். புளிப்பு அதிகம் என்பதால் சூட்டில் ஓடாது, வெண்ணெய் மாதிரி குழையும், அவ்வளவுதான். தெசலோனிகியில் தக்காளி, மிளகாய், ஓரிகானோ போட்டு மண்சட்டியில் சுடும் 'புயுர்தி' இதில்தான். நம் வீட்டில் சின்ன மண்சட்டி போதும்: 200 டிகிரி, 20 நிமிடம், மேலே நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன். தக்காளி மட்டும் பெங்களூர்த் தக்காளியாக இருக்கட்டும். நாட்டுத் தக்காளியின் புளிப்பும் சேர்ந்தால் நாக்கு கூசும். ஃபெட்டாவிலேயே உப்பு அதிகம், தனியாக ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

பன்னீர் உருகவே உருகாது. கொதிக்கும் பாலை எலுமிச்சை விட்டுத் திரிப்பதால் அதன் புரதம் அப்படி இறுகிவிடுகிறது. அதிக நேரம் சுட்டால் ரப்பர். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, எண்ணெய் தடவி, மேல் சூட்டில் ஓரம் சிவக்கும்வரை மட்டும் வையுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் பன்னீரை மிஞ்ச ஆளில்லை. காசிமேட்டுச் சென்னாக்கூனியை (காய்ந்த பொடி இறால்) வெறும் வாணலியில் வறுத்து, பச்சை மிளகாயோடு நொறுக்கித் தூவினால், உப்பு குறைந்த பன்னீருக்கு உயிர் வந்துவிடும். அதையே ஃபெட்டாவில் போட்டால் வாயில் வைக்க முடியாது.

மொசரல்லாவையும் கியூப் சீஸையும் பீட்சாவுக்கே விட்டுவிடலாம். ஆறியதும் விறைத்துக்கொள்கின்றன.

என் ஓட்டு ஃபெட்டாவுக்கு. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, திருவொற்றியூரிலிருந்து வருகிறவர் எட்டு மணிக்கு வருவாரா ஒன்பதரைக்கு வருவாரா, யார் கண்டது? பிரீயை மறுபடி சூடாக்கினால் எண்ணெய் பிரிந்து நிற்கும். ஃபெட்டா சட்டியை இன்னொரு தடவை உள்ளே தள்ளினாலும் அப்படியே இருக்கும், தக்காளிச் சாறு ஊறி ருசி கூடினாலும் கூடும். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரும் நாலு பேர் வீடு என்றால் பிரீ வாங்குங்கள், தாராளமாக.

சுத்த சைவமான சௌகார்பேட்டை நண்பர்கள் வருகிறார்கள் என்றால், வாங்கும்போதே பாலை உறையவைக்கும் ரென்னட் எதிலிருந்து என்று பாருங்கள். வெளிநாட்டு பிரீ சிலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்தது இருக்கும். பச்சைப் புள்ளி இருந்தால் கவலை இல்லை.