மண்டபத்துக் காற்றில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்: ரேமா, கிராபிக்ஸ் கார்டா?

எட்டு ஜிபி ரேமும் (ஓடும் புரோகிராம்கள் தங்கும் மெமரி) நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டும் (திரையில் படத்தை வரைவது, சொந்த மெமரியோடு) உள்ள கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, இருக்கிற காசுக்கு எதை மாற்றலாம் என்று கேட்டால், முதலில் ரேமை 16 ஆக்கு, அப்புறம் கார்டுக்குக் காசு சேர் என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் செய்தேன், அதைத்தான் சொல்வேன். ஆனால் இரண்டையும் மாற்றிக் கடற்கரையில் வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு ஒன்று தெரிந்தது. ரேமின் செலவு கடையோடு முடிகிறது. கார்டின் செலவு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் வீடு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் குறுகலாகக் கொஞ்சம் நிலம். ஆனி ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தென்கடல் உப்பு வீட்டுக்குள் வரும், மார்கழியில் வாடைக்கு வடகடல் உப்பு வரும். மிஷின் 2020 கடைசியில் சேர்த்தது: இன்டெல் ஐ5-10400எஃப், பி460 மதர்போர்டு, ஒற்றை 8 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 1080பி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் (நொடிக்கு 75 படம் காட்டும்). பகலில் ஐஸ் கம்பெனிக் கணக்கு, டேலி, ஜிஎஸ்டி. இரவில் கேம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் விசைப்படகுக்குப் போகும் என் மச்சானும் அவன் கூட்டாளிகளும் வீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வேற எந்தச் சோதனையும் வேண்டாம், அந்த இரண்டு மாதம் தாங்கினால் மிஷின் தாங்கும்.

முதலில் ரேம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமை ஓட்டும்போது சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) நாற்பதை ஒட்டி இருக்கும், அது பரவாயில்லை. ஆனால் செயின்ட் டெனிஸ் நகரத்துக்குள் குதிரை நுழைந்ததும் படம் அப்படியே உறையும், அரை நொடி, சில நேரம் ஒரு நொடி. "மச்சான், கார்டு போச்சு, புதுசு வாங்கு" என்றான் அவன். ஆல்ட்-டேப் அடித்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் மெமரி 95 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது, ஹார்டு டிஸ்க் 100 சதவீதம். விண்டோஸும் பின்னால் திறந்து கிடந்த குரோமும் சேர்ந்து மூன்று நாலு ஜிபியைத் தின்றுவிட, கேமுக்குப் பற்றாத மீதியை விண்டோஸ், டிஸ்கில் ரேமுக்கு மாற்றாக ஒதுக்கிய பேஜ் ஃபைலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த பேஜ் ஃபைல் பழைய ஹார்டு டிஸ்கில் இருந்தால் உறையாமல் என்ன செய்யும்?

இரண்டாயிரம் ரூபாய்க்குள் இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன். சராசரி எஃப்பிஎஸ் ஏதோ கொஞ்சம் ஏறியது, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உறைவது மட்டும் அடியோடு நின்றது. ஒரு நொடியில் எத்தனை படம் என்ற சராசரியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கணக்கிலேயே வராது. அந்த ஒரு நொடி உறைவு சராசரிக்குள் கரைந்துவிடும், விளையாடுகிறவன் கையில்தான் தெரியும்.

ரேம் வாங்குபவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். ஒற்றை 16 வாங்குவதைவிட இரண்டு 8 நல்லது, ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே உள்ள இரண்டு பாதையும் (சேனல்) சேர்ந்து ஓடும். என் போர்டில் 2666 வேகத்தில் ஒற்றை ரேம் நொடிக்கு 21.3 ஜிபி கொடுக்கும், இரட்டையாகப் போட்டால் 42.6. ரேம் பெட்டியில் 3200 என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் ஐ5-10400எஃப்பும் பி460 போர்டும் சேர்ந்தால் 2666க்கு மேல் ஓடாது. அதனால் இந்த ஜோடி வைத்திருப்பவர்கள் வேகத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். தனி கார்டே இல்லாமல் பிராசஸரோடு வரும் கிராபிக்ஸில் விளையாடுபவர்கள் கதை வேறு. அங்கே ரேம்தான் கிராபிக்ஸ் மெமரியும், இரட்டை ரேம் போட்டதும் எஃப்பிஎஸ் கண்ணுக்குத் தெரிந்தே ஏறும்.

கடையில் ஒரு தம்பி சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அண்ணே, 16 போட்டீங்கன்னா கிராபிக்ஸுக்கும் 8 ஜிபி சேர்ந்து கிடைக்கும், கார்டே வேணாம்." டாஸ்க் மேனேஜரில் ஷேர்டு ஜிபியு மெமரி என்று ரேமில் பாதியை விண்டோஸ் காட்டும், அதைப் பார்த்துவிட்டுச் சொல்வது. இடம் என்னவோ இருக்கிறது, வழிதான் ஒடுங்கல். என் ஜிடிஎக்ஸ் 1650இன் சொந்த 4 ஜிபி நொடிக்கு 128 ஜிபி வேகத்தில் ஓடுகிறது. அது நிரம்பி வழிந்தால் ரேமுக்குப் போய் வர வேண்டிய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 பாதை (கார்டைப் போர்டோடு இணைக்கும் வழி) பதினாறு லேன் இருந்தும் நொடிக்கு 16 ஜிபியைக்கூட எட்டாது. ரேம் எவ்வளவு போட்டாலும் 4 ஜிபி கார்டு 4 ஜிபி கார்டுதான். ஹாக்வார்ட்ஸ் லெகஸி கேமில் டெக்ஸ்சரை (சுவர், தரை மேல் ஒட்டும் படத்தின் நுணுக்கம்) ஹையில் வைத்துப் பார்த்தேன்: 16 ஜிபி ரேமில் இன்னும் இடம் இருக்க, கார்டு மெமரி நிரம்பி, சுவரெல்லாம் களிமண் பூசியது போல மங்கலாக வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெளிந்தது.

அதற்கப்புறம்தான் 2023இல் ஆர்எக்ஸ் 6600 கார்டு வாங்கினேன். 8 ஜிபி மெமரி, 132 வாட். விலை இருபதாயிரத்துக்கு மேல். ரெட் டெட் அதே செட்டிங்கில் ஏறக்குறைய இரட்டிப்பானது, டெக்ஸ்சரை அல்ட்ராவுக்கு ஏற்றியும் மூச்சு வாங்கவில்லை. அண்ணன் மகன் வேலோரன்ட் ஆடுபவன், "சித்தப்பா, எனக்கு ஒண்ணும் மாறலையே" என்றான். மாறாதுதான். அந்த கேம் பழைய கார்டிலேயே மானிட்டரின் 75 ஹெர்ட்ஸைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது, இழுத்துப் பிடித்தது பிராசஸர். வேலோரன்டும் கவுன்டர்-ஸ்டிரைக்கும் மட்டும் ஆடும் பிள்ளைக்குக் கார்டு மாற்றுவதைவிட 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிக் கொடுக்கலாம்.

காசு இதோடு நிற்கவில்லை. பழைய 1650 ஸ்லாட்டில் வரும் 75 வாட்டிலேயே ஓடியது, தனி வயர் கிடையாது. புதுசுக்கு எட்டு பின் வயர் வேண்டும், என் எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) அது இல்லை. 450 வாட் புதுசு ஒன்று வாங்கினேன். என் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட். காகிதக் கணக்கில் போதும், நடப்பில் பாட்டரி பழசு. கேம் நடுவில் கரண்ட் போனதும் ஒரு கத்து கத்திவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. அதையும் 1100 விஏவுக்கு மாற்றினேன். கோடையில் ராத்திரி தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிற ஊர்களில் இந்த இரண்டையும் கார்டு விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இனி உப்பு. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். காற்றோடு வந்து சர்க்யூட்டில் படியும் உப்பும் அதையேதான் செய்கிறது. மிஷின் ஓடும்போது சூட்டுக்கு ஈரம் அண்டாது. அணைத்து நாள் கணக்கில் போட்டு வைத்தால்தான் ஆபத்து. வெளியூர் போனால் வீட்டில் யாரையாவது தினமும் ஒரு மணி நேரம் போட்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போவேன். கரண்ட் வீண் என்று திட்டு வாங்கினேன், பரவாயில்லை.

இந்த இடத்தில்தான் ரேமுக்கும் கார்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. ரேம் அசையாமல் ஸ்லாட்டில் நிற்கிறது. அதற்கு வரும் அதிகபட்ச வியாதி, தங்கமுலாம் பூசிய பல்லில் மங்கல் படிந்து ஒருநாள் காலையில் டிஸ்ப்ளே வராமல் போவது. கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர்த்தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, திரும்ப அழுத்திப் போட்டால் தீர்ந்தது. கார்டு அப்படியில்லை. ஆடு வளர்ப்பது மாதிரி, தினம் பார்க்க வேண்டும். அதன் ஃபேன் கச்சான் காற்றை உள்ளே இழுத்து, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளில் ஊதிக்கொண்டே இருக்கிறது. முதல் ஆடிக்குப் பிறகு கழற்றிப் பார்த்தேன். பின்பக்க பிராக்கெட்டில் (கார்டைக் கேபினெட்டோடு திருகும் தகடு) வெள்ளையாகப் பூத்திருந்தது, விரலால் தொட்டு நாக்கில் வைக்காமலே தெரிந்தது என்னவென்று. திருகு தலைகள் பழுப்பு. தகடுகளுக்கு இடையில் தூசியும் உப்பும் சேர்ந்து ஈரக் கம்பளி போலப் பிடித்திருந்தது. ஊதினால் போகாது, பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வேண்டும். அதைச் சுத்தம் செய்ததும் கார்டின் சூடு பத்து டிகிரிக்கு மேல் குறைந்தது.

இப்போது கச்சான் முடிந்ததும் ஒரு தடவை, வாடை முடிந்ததும் ஒரு தடவை கழற்றித் துடைக்கிறேன். தெற்கு ஜன்னல் ஓரம் இருந்த மேசையை உள் அறைக்குத் தள்ளினேன். செய்ததில் அதிகம் பலன் தந்தது அதுதான், அதற்குக் காசும் இல்லை. கேபினெட்டுக்கு முன்னால் கொசுவலை கட்டிப் பார்த்தேன். தூசியைத் தடுக்கும், உப்பைத் தடுக்காது. சிலர் துணி போட்டு மூடுகிறார்கள். சூடு ஆறும் முன்னால் மூட வேண்டாம்.

வாரண்டி பற்றி. ரேமுக்கு ஆயுட்கால வாரண்டி சாதாரணம். கார்டுக்கு மூன்று வருடம் என்பார்கள், ஆனால் துருப்பிடித்திருந்தால் செல்லாது என்ற வரி நிபந்தனைகளில் பெரும்பாலும் இருக்கும். நம் பக்கத்துக்கு அந்த ஒரு வரி போதும், வாரண்டி பேப்பரைப் பெட்டியிலேயே வைத்துவிடலாம். அப்புறம் பிராசஸர் பெயரில் கடைசியில் எஃப் இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு படுத்தால் டேலியும் படுத்தது, மாசக் கடைசிக் கணக்கும் படுத்தது. அதனால் பழைய 1650ஐ விற்கவில்லை. சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பையில் கட்டி பீரோவுக்குள் வைத்திருக்கிறேன்.

2025 பிற்பாதியில் ஏஐ சர்வர்களுக்கு மெமரியெல்லாம் போய், ரேம் விலை மடங்கு மடங்காக ஏறிவிட்டது. அண்ணன் மகன் 32 ஜிபி கேட்கிறான். நான் ஆடும் கேம் எதிலும் 13 ஜிபியைத் தாண்டிப் பார்த்ததில்லை, இந்த விலைக்கு 32 அநியாயம். 8 மட்டும் வைத்திருப்பவர்கள் பழைய டிடிஆர்4 வாங்கலாம், பயமில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பிழை வராமல் இருந்தால் சரி. பழைய கார்டு வாங்குவதாக இருந்தால் மட்டும் கீழக்கரை, தொண்டி, ராமேஸ்வரம் என்று கடலோரத்தில் ஓடியதை விட்டுவிட்டு மதுரைப் பக்கம் பாருங்கள். எங்கே வாங்கினாலும் ஃபேன் சுற்றுகிறதா, கேம் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் பிராக்கெட்டைத் திருப்பி, திருகு தலைகளை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.